ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் ஒரு சின்னக் கணினி

ஐப்பசி பிறந்துவிட்டால் என் கைப்பேசி ஓயாது. சென்னையிலிருந்து ஒரு பங்காளி, கோலாலம்பூரிலிருந்து ஒரு பங்காளி, பெங்களூரிலிருந்து பெரியப்பா மகன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "பள்ளத்தூரில் மழையா? வீடு ஒழுகுகிறதா?" பதினொரு புள்ளிக்குப் பாத்தியப்பட்ட வீடு எங்களுடையது; கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றும் எங்கள் பக்கத்தில் ஒரு புள்ளி. பத்துப் புள்ளி வெளியூரில் இருக்கிறார்கள். மிச்சம் நான். காரைக்குடியில் மருந்துக்கடை வைத்து, அரைமணி நேர பஸ் தூரத்தில் குடியிருக்கிற ஒரே குற்றத்துக்காக, பொது வீட்டின் ஓடு, எலி, கறையான், மின்கட்டணம் அனைத்துக்கும் பதில் சொல்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கதவு அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி என்று நடந்து முடிப்பதற்குள் முகப்பில் தொடங்கிய பேச்சு தீர்ந்துபோகும். கல்யாணம், முன்னோருக்குச் செய்கிற படைப்பு என்று வருடத்தில் சில நாள்தான் முழுக்கத் திறப்போம். மற்ற நாளெல்லாம் பூட்டு. ஒழுகுகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் மழை பெய்கிற நேரத்தில் ஒருவர் உள்ளே போய், கட்டுக் கட்டாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். மறுநாள் போனால் ஈரச்சுவடுதான் இருக்கும். எந்த ஓடு என்று அது சொல்லாது.

இதற்கு ராஸ்பெரி பை என்கிற கையடக்கக் கணினிப் பலகை ஒன்றை வைத்து, ஒழுகலை அறிகிற சென்சாரை அதில் இணைத்துப் பார்ப்போமே என்று எனக்குத் தோன்றியது. எல்லோரும் சம்மதித்தார்கள், ஒரே நிபந்தனையோடு: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர் அது. காலண்டர் மாட்டக்கூட அப்பத்தா விட்டதில்லை.

"தொடாதே" என்ற சொல் எனக்குப் புதிதில்லை. 1990-களில் நான் கணினி கற்றுக்கொண்ட பயிற்சி நிலையத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கர்ப்பகிருகத்துக்குள் நுழைவதுபோல் குளிரூட்டிய அறைக்குள் போவோம். ஒரு கணினிக்கு மூன்று பேர். மூன்றாவது ஆளுக்கு விசைப்பலகை எட்டாது. பெரும்பாலும் அது நானாக இருப்பேன். மூடியைத் திறந்து உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை அப்போதே உண்டு. கேட்கத் தைரியம் வந்ததில்லை. அந்தப் பெட்டியின் விலை அப்பச்சியின், அதாவது அப்பாவின், ஒரு வருடச் சம்பாத்தியம்.

ராஸ்பெரி பை பிறந்த கதையிலும் இதே "தொடாதே"தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் குறைந்துவருவதையும், வருகிறவர்களுக்கும் இயந்திரத்தோடு கைப்பழக்கம் இல்லாததையும் பின்னால் ராஸ்பெரி பையை உருவாக்கிய எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் கவனித்தார்கள். 1980-களின் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற கணினி இருந்தது. போட்டவுடன் நிரல் எழுதச் சொல்லி நிற்கும். பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்ததோ அப்பாவின் வேலையும் அம்மாவின் கணக்கும் இருக்கிற, கெடுத்தால் அடி விழுகிற வீட்டுக் கணினி. கெட்டால் கெடட்டும் என்று பிள்ளையிடம் கொடுக்கக்கூடிய ஒன்றைச் செய்யப்போய், 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு முதல் பலகை விற்பனைக்கு வந்தது. 256 எம்.பி. நினைவகம், 700 மெகாஹெர்ட்ஸ் வேகம். அன்றைய நல்ல கைப்பேசிகளே அதைவிட விரைவானவை. 2015-இல் 5 டாலருக்கு 'ஜீரோ' என்று ஒன்று வந்தபோது, அதை ஒரு பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். தீபாவளி மலரோடு ஷாம்பு பாக்கெட் கொடுப்பதுபோல் கணினியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்த அன்றுதான் எனக்கு ஆசை விழுந்தது.

ஆசை விழுந்து, வாங்கியதென்னவோ பல வருடம் கழித்து. 2021-லிருந்து 2023 வரை சில்லுத் தட்டுப்பாட்டில் இந்தப் பலகைகள் கிடைக்கவே இல்லை. கிடைத்த இடத்தில் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. தட்டுப்பாடு தணிந்தபின் ஒரு 'ஜீரோ 2 டபிள்யூ' வாங்கினேன். 1,700 ரூபாய். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம்.

செட்டிநாட்டில் பிறந்தவன் செலவை எழுதாமல் இருக்கமாட்டான், எழுதியிருக்கிறேன். பலகை 1,700, மெமரி கார்டு 500, மின்சாரம் கொடுக்கிற அடாப்டர் 650, திரையில் இணைக்க மினி எச்.டி.எம்.ஐ. மாற்றி 250, விசைப்பலகை சொருக ஓ.டி.ஜி. கம்பி 150, பிளாஸ்டிக் கூடு 300, கம்பிகளை இணைக்கிற 40 பின் (ஊசிமுனை) வரிசை 50, சென்சார், கம்பிகளைச் சொருகிப் பார்க்கிற பிரெட்போர்டு, கம்பிகள் 600. கூட்டினால் 4,200 ரூபாய். தாலியைவிடச் சீர்வரிசைக்குத்தான் செலவு அதிகம் என்பது எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு மட்டும் பொருந்துகிற விதியில்லை. இதில் 400 ரூபாய் வீண். திரையும் விசைப்பலகையும் தேவையே இல்லை. இயங்குதளத்தைக் கார்டில் எழுதுகிற 'இமேஜர்' மென்பொருளிலேயே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முன்கூட்டிக் கொடுத்து, தொலைவிலிருந்து நுழைகிற எஸ்.எஸ்.எச். வசதியையும் திறந்துவிட்டால், பலகை தானாக எழுந்து வலையில் சேர்ந்துகொள்ளும். மடிக்கணினியிலிருந்தே எல்லாம் செய்யலாம்.

முதல் வேலை கடையில். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், குளிர்பெட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை. டி.எஸ்.18பி20 என்கிற வெப்ப சென்சார், நீர்புகாத உறையோடு கிடைக்கிறது. மூன்று கம்பி, தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் மின்தடை (ரெசிஸ்டர்) ஒன்று போட வேண்டும். அந்தத் தடையை விட்டுவிட்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன், பலகைக்கு அந்த சென்சார் கண்ணிலேயே படவில்லை. போட்டவுடன் எண் வந்தது. ஒரு வாரத்தில் வரைபடம் வந்தது. அதில் தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு மேடு. கடைப் பையன் தண்ணீர் பாட்டில்களை உள்ளே அடுக்குகிற நேரம் அது. பையன் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாம் வாரம் பலகை செத்தது. இந்தப் பலகைகளில் உள்ள 40 பின்களில் முதலாவது 3.3 வோல்ட், இரண்டாவது 5 வோல்ட். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். மின்னழுத்தம் சரியா என்று பார்க்க மல்டிமீட்டரின் ஊசியை வைத்தேன். கை நழுவி இரண்டையும் ஒருசேரத் தொட்டது. சத்தமில்லை, புகையில்லை. விளக்கு அணைந்தது. இந்தப் பலகையின் உயிர் 3.3 வோல்ட்டில் ஓடுகிறது. 5 வோல்ட் அந்தப் பாதையில் ஏறினால் பிழைக்காது. மற்ற பின்களும் அப்படித்தான், 3.3-க்கு மேல் தாங்கா. அர்டுயினோ என்கிற வேறுவகைப் பலகையில் 5 வோல்ட் சென்சார்களோடு பழகியவர்கள் அதே கையோடு இங்கே வந்து இணைத்து அழுவது வழக்கம். மின்சாரம் இருக்கும்போது கம்பியை மாற்றாதீர்கள், ஊசி வைக்காதீர்கள்.

செத்ததும் எனக்கு வந்தது சிரிப்பு. அதைத்தான் இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். மடிக்கணினியை இப்படிச் சாகடித்திருந்தால் வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடந்திருக்கும். இது ஒரு நாள் வியாபாரத்தில் போகிற காசு. முப்பது வருடத்துக்கு முன்னால் மூடியைத் திறக்கக் கேட்காதவன், இப்போது திறந்து, தப்பாகத் தொட்டு, கொன்று, மறுநாள் இன்னொன்று வாங்கிவிட்டான். மலிவு என்பதன் ருசி அதுதான். வேகம், நினைவகம் என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் பிறகு.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

பள்ளத்தூர் வீட்டில் முதல் எதிரி சுவர். ஜீரோவின் வைஃபை எங்கள் வளவைத் தாண்டவில்லை. அந்தக் கனத்துச் சுவர்கள் இரண்டைக் கடப்பதற்குள் அலை களைத்துவிடுகிறது. கைப்பேசி சிக்னலோ முகப்பின் மாடி அறையில் மட்டும்தான். ஆகவே சிம் போட்ட ரவுட்டரை மாடியில் வைத்து, அங்கிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் ஈதர்நெட் கம்பி இழுத்தேன். 60 மீட்டர் ஆனது. 100 மீட்டர் வரை அந்தக் கம்பி தாங்கும். ஜீரோவில் ஈதர்நெட் துளை இல்லை என்பதால், கல்லூரி முடித்த பையன் ஒருவனிடம் பழைய 'பை 3' ஒன்றை வாங்கினேன். 2016-இல் வந்த வகை. இந்த வேலைக்கு அதுவே யானை பலம்.

ஆணியில்லாமல் கம்பியை எப்படிக் கொண்டுபோவது? வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்தான் வழி சொன்னார். ஏணி வைத்து ஏறி, தேக்குத் தூண்களின் தலைமேல் இருக்கிற உத்தரத்தின் மீதே கம்பியைப் படுக்கவைத்து, அங்கங்கே நூலால் கட்டினார். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. கல்யாணத்துக்குத் தோரணம் கட்டிப் பழகிய கை.

அவரால்தான் அடுத்த சிக்கலும் வந்தது, தப்பு அவர்மேல் இல்லை என்றாலும். வைத்துவிட்டு வந்த பத்தாம் நாள் பலகை பேசவில்லை. போய்ப் பார்த்தால் கார்டு கெட்டுப்போயிருந்தது. புதுக் கார்டு போட்டேன். இரண்டு வாரம். மறுபடியும் அதே கதி. மூன்றாம் தடவை போனபோதுதான் கேட்டேன்.

"சாயங்காலம் மெயினை அணைத்துவிடுவேன், தம்பி. எத்தனை வருடத்து வயரிங் இது! பூட்டின வீட்டில் தீப்பிடித்தால் யார் பார்ப்பது?"

அவர் சொன்னதுதான் சரி. மெமரி கார்டு ஒன்றை எழுதும்போது அந்தத் துளியை மட்டும் எழுதுவதில்லை. பெரிய தொகுதியாக அழித்துத் திரும்ப எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனால், எழுதிக்கொண்டிருந்த கோப்போடு பக்கத்தில் சும்மா கிடந்ததும் சேர்ந்து கெடலாம். தினமும் மாலை ஆறு மணிக்கு நான் அந்தக் கார்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தேன். மின்வெட்டு உள்ள ஊரில் இந்தப் பலகையை வைக்கிற எவருக்கும் இதுதான் முதல் பாடம். நான் செய்தது மூன்று. எலக்ட்ரீஷியனை வைத்து பலகைக்கும் ரவுட்டருக்கும் மட்டும் தனிக் கம்பியும் தனி எம்.சி.பி. சுவிட்சும் போட்டேன், மற்றதைப் பெரியவர் தாராளமாக அணைக்கலாம். அடுத்து, ராஸ்பெரி பையின் அமைப்புப் பட்டியலில் 'ஓவர்லே' என்றொரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் கார்டை வாசிக்க மட்டுமே செய்யும். மாறுதலெல்லாம் நினைவகத்தில் நடந்து, மின்சாரம் போனதும் மறைந்துவிடும். அளவுகளையும் கடைசி நேரக் குறிப்பையும் மட்டும் தனியாக ஒரு பென்டிரைவில் எழுதச் சொன்னேன். மூன்றாவது, கார் கேமராக்களுக்கென்று விற்கிற, ஓயாமல் எழுதினாலும் தாங்குகிற வகைக் கார்டு. அதன்பிறகு இன்றுவரை கார்டு மாற்றவில்லை.

மின்கட்டணம் பற்றி ஒரு பங்காளி கவலைப்பட்டார். இந்தப் பலகைக்கு மாதம் ஓரிரண்டு யூனிட்டுதான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கிற ஊரில், பூட்டிய வீட்டின் மீட்டருக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் அடாப்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய கைப்பேசி சார்ஜரையும் நீள மெல்லிய கம்பியையும் போட்டால் வழியிலேயே அழுத்தம் இறங்கிவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை 3 திரையில் சின்ன மின்னல் குறி காட்டி எச்சரிக்கும். திரை இல்லாமல் வைத்திருந்தால் அந்த மின்னலும் உங்கள் கண்ணில் படாது. காரணமில்லாமல் பலகை உறைந்து நிற்கிறது என்றால் நிரலைத் திட்டுவதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் முதல் வெற்றி. இரண்டாம் கட்டின் வடகிழக்கு மூலையில் ஒழுகல் என்று பதிவாகியிருந்தது, மதியம் 2 மணி 5 நிமிடம். மறுநாள் பெருமையாகப் பெரியவரிடம் காட்டினேன்.

"இரண்டு மணிக்கா? மோர்மிளகாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, தம்பி. ஒரு தூறல் விழவில்லை. மழை ராத்திரி ஒன்பதுக்கு."

பெரியவர் சொன்னதுதான் நடந்தது. பை 3-இல் மின்சாரம் போனாலும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. எழுந்தவுடன் இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இணையம் இல்லையென்றால் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். அன்று இரண்டு மணிக்கு ஊர் முழுக்க மின்சாரம் போய், இரவுதான் வந்திருக்கிறது. மழையில் சிம் சிக்னலும் இல்லை. பலகையைப் பொறுத்தவரை இடைப்பட்ட ஏழு மணி நேரம் நடக்கவே இல்லை. டி.எஸ்.3231 என்கிற கடிகாரத் துண்டு ஒன்றை வாங்கிச் சொருகினேன். நாணய பேட்டரியில் ஓடும், வருடத்துக்கு ஒரு நிமிட அளவில்தான் பிசகும். 2023-இல் வந்த பை 5-இல் கடிகாரம் உள்ளேயே உண்டு, பேட்டரியை மட்டும் நாம் வாங்கி இணைக்க வேண்டும்.

ஒழுகல் சென்சார் என்று விற்பது வேறொன்றுமில்லை, சீப்புப் பற்கள் போல் இரண்டு செம்புக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த சின்னப் பலகை. துளி விழுந்தால் கோடுகளுக்கு நடுவே மின்சாரம் பாயும். ஒரு மழைக்காலத்துக்குள்ளேயே அதன் ஒரு பக்கக் கோடுகள் பச்சை பூத்து, அரித்து, காணாமல் போயின. மட்டமான பொருள் என்று விற்றவரை மனதுக்குள் திட்டினேன். பிறகுதான் வெட்கம் வந்தது. எங்கள் ஊரில் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். உலோகம் ஏன் அரிக்கிறது என்பதை எழுபது வருடமாக ஆராய்கிற இடம். அதன் மதிலை ஒட்டித் தினமும் ஸ்கூட்டரில் போகிறவன், ஈரத்தில் கிடக்கிற இரண்டு செம்புக் கோடுகளுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் நேர்மின்சாரம் கொடுத்திருக்கிறேன்! நேர்முனைச் செம்பு கரையாமல் என்ன செய்யும்? மருந்து வேதியியல் படித்தவன் வேறு.

மருந்து எளிது. சென்சாருக்கு நிரந்தர மின்சாரம் கொடுக்காமல், ராஸ்பெரி பையின் ஒரு பின்னிலிருந்து கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பின்னை அரை விநாடி உயிர்ப்பித்து, அளவு எடுத்துவிட்டு அணைத்துவிடலாம். புதுச் சென்சார் இரண்டு மழைக்காலம் கண்டும் கோடுகள் அப்படியே இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கிற செய்முறைகளில் பாதிக்கு மேல் நிரந்தரமாகத்தான் மின்சாரம் கொடுக்கின்றன. ஒரு மணி நேரம் மேசைமேல் வேலை செய்வதைப் படமெடுத்துப் போடுகிறவர்களுக்கு மூன்றாம் வாரத்துப் பச்சை தெரிய வாய்ப்பில்லை.

எல்லாக் குற்றமும் நம்முடையதில்லை என்பதற்கு ஒரு ஆறுதல் கதை. 2015-இல் பை 2 வந்தபோது, அதைப் புகைப்படம் எடுத்தால் அணைந்துபோகிறது என்று கண்டுபிடித்தார்கள். மின்வழங்கலில் இருந்த ஒரு சில்லு உறையில்லாமல் வெறுமையாக இருந்தது. செனான் ஃபிளாஷின் ஒளி பட்டால் தடுமாறியது. கல்யாண வீட்டுக்கு ஆகாத கணினி.

இப்போது யாராவது என்னிடம் என்ன வாங்கலாம் என்று கேட்டால், முதலில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். ஒரே ஒரு சென்சாரைப் படிக்க வேண்டும் என்றால் இந்தக் கணினியே வேண்டாம். இ.எஸ்.பி.32 போன்ற நுண்கட்டுப்படுத்தி சில நூறு ரூபாய். கார்டு இல்லை, இயங்குதளம் இல்லை. எப்போது அணைத்தாலும் கவலையில்லை. என் வீட்டு வேலையில் பாதியை அதனிடம் விட்டிருந்தால் மூன்று கார்டும் பல பஸ் டிக்கெட்டும் மிச்சம். பல இடத்து அளவுகளைச் சேர்த்து வைக்க, வரைபடம் போட, டெலிகிராமில் செய்தி அனுப்ப என்று வரும்போதுதான் இந்தப் பலகைக்கு வேலை. வீட்டில் கோப்புகளைச் சேமிக்க, படம் பார்க்க என்றால் மூலையில் கிடக்கிற பழைய மடிக்கணினியே நல்லது. பேட்டரியும் திரையும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆரஞ்சு பை, பனானா பை என்று அதே காசுக்கு அதிக நினைவகம் தருகிற பலகைகள் உண்டு. ஒன்று வாங்கினேன். வேகமாகத்தான் இருந்தது. அதற்கான இயங்குதளக் கோப்பு பழையதாகவே நின்றுவிட்டது, சந்தேகம் கேட்க ஆளில்லை. 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பைக்குக்கூட 32 பிட் இயங்குதளம் தொடர்ந்து கிடைத்துவருவதோடு ஒப்பிட்டால், அந்தச் சேமிப்பு சேமிப்பில்லை. நேரம் மிகுந்தவர்களுக்கு அது வேறு வகை இன்பம். எனக்குக் கடை இருக்கிறது.

ஒழுகலுக்கு வருகிறேன். வரைபடம் இப்போது மிகத் துல்லியம். மழை தொடங்கி இருபது நிமிடத்தில் வடகிழக்கு மூலையில் சொட்டுகிறது. நின்ற பிறகும் ஒரு மணி நேரம் சொட்டுகிறது. குரங்கு நகர்த்திய ஓடு என்று பெரியவரும், தகரக் குழாய் ஓட்டை என்று ஓடு மாற்றுகிறவரும் சொல்கிறார்கள். படத்தோடு, மதிப்பீட்டோடு எல்லாப் புள்ளிக்கும் அனுப்பினேன். ஏழு பேர் சம்மதம். ஒருவர், செய்வதென்றால் கூரை முழுவதையும் செய்வோம் என்கிறார். ஒருவர் தை பிறக்கட்டும் என்கிறார். ஒருவர், மின்தடை என்று 5 ரூபாய் எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டிருக்கிறார்.

அதுவரைக்கும் அந்த மூலையில் அப்பத்தாவின் சீரில் வந்த செம்பு அண்டா வைத்திருக்கிறோம். "ஒழுகுகிறது என்று உங்கள் பெட்டி சொல்லிவிடுகிறது, தம்பி. அண்டா நிரம்பியதை யார் சொல்வது?" என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு மிதவை சுவிட்சை நூலில் கட்டி அண்டாவுக்குள் இறக்கினேன். போன வெள்ளிக்கிழமை இரவு 11 மணி 40-க்கு அது செய்தி அனுப்பியது. பெரியவரைக் கூப்பிட்டேன். எழுந்து போய் அண்டாவை இறைத்துவிட்டு வந்து, தென்மேற்கு மூலையிலும் சொட்டத் தொடங்கியிருக்கிறது என்றார். அங்கே சென்சார் இல்லை.